பவித்ராவின் அப்பாவைப் பற்றி நான் சொன்ன பொய்

1

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்த் தேவாலயத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். ‘ஜனவரிப் பயணம், தஞ்சாவூர்’ என்று தலைப்பு. கீழே பெயர் எழுதுவதற்குக் கோடுகள். முதல் கோட்டில் பாஸ்டர் கிரேம் தன் பெயரை எழுதியிருந்தார். இரண்டாவது கோட்டில் பென்சிலால் என் பெயரை எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். போன ஜனவரியில் நடந்ததற்குப் பிறகு பேனாவால் எழுத அவருக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது.

நாங்கள் இருப்பது நியூசிலாந்தின் தென்கோடியில் ஒரு சின்ன ஊர். மனிதர்களைவிட மாடுகள் அதிகம். என் கணவர் ஒரு பால்பண்ணையில் மேற்பார்வையாளர். நான் தஞ்சாவூரில் ஆறு வருடம் பள்ளியில் ஆங்கிலம் நடத்தியவள். அந்தச் சான்றிதழ்களை இங்கே செல்லுபடியாக்க மூன்று முறை விண்ணப்பித்தேன். மூன்றாவது முறை வந்த கடிதத்தில் நான்காவதாக ஒரு படிவம் இருந்தது. அதோடு விட்டுவிட்டு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அந்த வேலைக்கே பதினான்கு வருடம் ஆகிறது.

நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. ஆனால் நாங்கள் வந்து இறங்கிய முதல் குளிர்காலத்தில், யாரும் கேட்காமலேயே ஒரு கட்டிலும் நாலு கம்பளியும் குழந்தைக்கு ஒரு ஜோடி பூட்ஸும் கொண்டுவந்து வாசலில் இறக்கியவர்கள் அந்தத் தேவாலயத்துக்காரர்கள். அந்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு நடை பழகிய என் மகள் நிலாவுக்கு இப்போது பதினேழு வயது. அவளுடைய தோழிகள் எல்லாரும் அங்கே இளைஞர் குழுவில் இருக்கிறார்கள். அதனால் அவளும் இருக்கிறாள். கூட்டம், பாட்டு, கேக் என்று ஞாயிற்றுக்கிழமைகள் போகின்றன. நான் தேங்காய் பர்பி செய்து கொடுத்து அனுப்புவேன்.

கிரேம் குழாய் ரிப்பேர் வேலை பார்த்துவிட்டு நாற்பது வயதில் பாஸ்டரானவர். குளிரிலும் அரைக்கால் சட்டைதான் போடுவார். அநேகமாக ஒவ்வொரு ஜனவரியும் ஒரு குழுவைக் கூட்டிக்கொண்டு ஒரத்தநாட்டுப் பக்கம் இருக்கிற ஒரு பெண் பிள்ளைகள் இல்லத்துக்குப் போய்ப் பத்து நாள் வேலை செய்துவிட்டு வருவார். போன வருடம் என்னிடம் வந்து, “எங்களுக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தவர் வயதாகி நின்றுவிட்டார். நீங்கள் வர முடியுமா?” என்று கேட்டார்.

ஒரத்தநாடு நான் பிறந்த ஊர். அங்கே போக ஒரு வெள்ளைக்காரர் என்னைக் கூப்பிடுகிறார். சிரிப்பு வந்தது. ஆனாலும் ஒப்புக்கொண்டேன். காரணம் நிலா. நாலு வருடமாக நாங்கள் ஊருக்குக் கூப்பிட்டபோதெல்லாம், “அங்கே போய் என்ன செய்வது? ஒவ்வொரு சொந்தக்காரர் வீடாகப் போய்ச் சாப்பிடத்தான் வேண்டும்” என்று மறுத்துவந்தவள், தோழிகள் போகிறார்கள் என்றதும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்திருந்தாள். எந்தச் சாக்கில் வந்தால் என்ன, வந்தால் போதும் என்று எனக்கு.

2

செய்தி கேட்டதும் ஒரத்தநாட்டிலிருந்து அண்ணன் போன் செய்தார்.

“ஏம்மா, நாலு வருஷம் கழிச்சு வர்ற. வீட்டுல வந்து தங்காம லாட்ஜில தங்குறேங்கற. அதுவும் சர்ச் ஆளுங்களோட. கேக்கறவங்களுக்கு நான் என்னன்னு சொல்றது?”

“பிரசங்கம்லாம் ஒண்ணும் கெடையாதுண்ணே. பெயிண்ட் அடிக்கப் போறோம். பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் சொல்லித் தரப் போறோம். அவ்வளவுதான்.”

“பெயிண்ட் அடிக்கவா அவ்வளவு தூரத்துலேர்ந்து ஆள் வருது? சொல்லியிருந்தா நானே ரெண்டு பேரை அனுப்பியிருப்பேனே.”

பிறகு கிரேமிடம் அண்ணன் கேட்டதைச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “உங்கள் அண்ணன் கேட்பது சரிதான். பெயிண்ட் அடிப்பது அந்தப் பிள்ளைகளோடு இருப்பதற்கு ஒரு சாக்கு. வேறு நல்ல சாக்கு எனக்குத் தெரியவில்லை” என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

தஞ்சாவூரில் இறங்கிய மறுநாள் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அனுமதி வாங்கப் போனோம். நிபந்தனைகள் மூன்று. மதப் பிரசாரம் கூடாது. பிள்ளைகளை போட்டோ எடுக்கவோ பெயரை வெளியே சொல்லவோ கூடாது. பிள்ளைகளோடு இருக்கும்போது இல்லத்துப் பெண் ஊழியர் ஒருவர் எப்போதும் கூட இருக்கவேண்டும். கிரேம் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார். அந்த அலுவலர் சின்ன வயதுப் பெண். என் காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“நீங்க எந்த ஊருங்க?”

“ஒரத்தநாடுங்க.”

“அப்ப ஏன் வெளிநாட்டுக்காரங்க லிஸ்ட்ல உங்க பேரு இருக்கு?”

“பாஸ்போர்ட்டு மாத்தியாச்சுங்க.”

“பேச்சு மாறலையே” என்று சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார்.

3

இல்லம் கல்லணைக் கால்வாயிலிருந்து பிரிந்து வரும் ஒரு வாய்க்காலை ஒட்டி இருந்தது. முப்பத்திரண்டு பெண் பிள்ளைகள். பெற்றவர்கள் இல்லாதவர்கள், இருந்தும் வைத்துக்கொள்ள முடியாதவர்கள். பொங்கலுக்கு முந்தைய வாரம். சுற்றிலும் சம்பா முற்றி நின்றது. அறுப்பு தொடங்கிவிட்ட வயல்களில் மெஷின் சத்தம் காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கும்.

இல்லத்தை நடத்துபவர் எஸ்தர் அக்கா. ஐம்பத்தைந்து வயது இருக்கும். யார் தலையில் பேன் இருக்கிறது, யாருக்குக் கணக்கு வராது, யார் அழாமல் அழுவாள் என்று அத்தனையும் தெரிந்தவர். முதல் நாளே எங்களை வரிசையாக நிற்கவைத்து வேலை பிரித்துக் கொடுத்தார்.

“மொதல்ல சாப்பாட்டுக் கூடம். செவுரு பூராவும் வெள்ளை அடிக்கணும்.”

நிலா என் காதருகே வந்து பதற்றத்தோடு ஆங்கிலத்தில் கேட்டாள். “அம்மா, வெள்ளைக்காரங்களை ஏன் அடிக்கணும்னு சொல்றாங்க?”

நான் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டேன். பிள்ளைகள் என்ன என்ன என்று கேட்டார்கள். சொன்னேன். அன்றிலிருந்து கிரேம் தூரத்தில் தலை தெரிந்தாலே போதும், பின்னாலிருந்து ஒரு குரல், “நிலாக்கா, அடிக்கலாமா?” என்று கேட்கும். கூடமே சிரிக்கும். எதற்கென்று தெரியாமல் கிரேமும் சேர்ந்து சிரிப்பார்.

பிள்ளைகளில் மூத்தவள் பவித்ரா. பதினேழு வயது, பிளஸ் டூ. மார்ச்சில் பரீட்சை, ஏப்ரலில் பதினெட்டு முடிகிறது. அதற்குப் பிறகு இல்லத்தில் இருக்க முடியாது. அவள் நிலாவைத் தன்னோடு சேர்த்துக்கொண்டாள். நிலா அவளுக்கு ஆங்கிலக் கட்டுரை திருத்துவாள். அவள் நிலாவுக்குத் தலை பின்னிவிடுவாள். நிலா பேசும் தமிழில் பாதி நேரம் வினைச்சொல்லே இருக்காது. “நான் நாளைக்கு பஸ். நீ இன்னைக்கு ஸ்கூல்?” என்பாள். பவித்ரா பொறுமையாக, “வந்தேன், போனேன்னு ஏதாவது ஒண்ணு சேரு நிலா. அந்தரத்துல நிக்குது பாரு” என்பாள்.

வீட்டில் நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லுகிற என் மகள், ஒரு வாரத்தில் வாய்க்கால் படியில் உட்கார்ந்து தமிழில் தப்புத் தப்பாகக் கதை பேசுவதைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

4

ஒன்பதாம் நாள் மதியம். மாலையில் ஒரு வழியனுப்பு விழாவும் மறுநாள் கொஞ்சம் மிச்ச வேலையும் பாக்கி. ஒவ்வொரு முறை குழு வரும்போதும் ஒரு பிள்ளை எழுந்து தன் கதையைச் சொல்வது வழக்கமாம். கிரேம் அதைக் கேட்டுக்கொண்டுபோய், பெயர் சொல்லாமல் எங்கள் ஊர்த் தேவாலயத்தில் சொல்வார். எஸ்தர் அக்கா பவித்ராவைச் சொல்லச் சொல்லியிருந்தார். காய்ச்சல் வந்த ஒரு பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும் அவசரத்தில் என் கையில் இல்லத்தின் ஆங்கிலத் துண்டறிக்கையைக் கொடுத்தார்.

“அவ கதை இதுலேயே இருக்கு. தடுமாறுனா இதப் பாத்துச் சொல்லிடுங்க.”

வெள்ளை அடித்து முடித்த கூடத்தில் எல்லாரும் தரையில் உட்கார்ந்தோம். நிலாவையும் சேர்த்து, நியூசிலாந்திலிருந்து வந்த ஒன்பது பேர்; மற்ற பிள்ளைகள் வெளியே விளையாடிக்கொண்டிருந்தார்கள். மூலையில் சமையல்கார அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பவித்ரா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எழுந்து நின்றாள்.

“எல்லாருக்கும் வணக்கம். என் பேரு பவித்ரா.”

மொழிபெயர்த்தேன்.

அவள் குரல் தாழ்ந்தது. முகத்தில் ஒரு சோகம் வந்து உட்கார்ந்தது. அதே சோகமான குரலில் அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

“ஆன்ட்டி, நாலு வருஷமா இதே கதைய சொல்றேன். எனக்கு முடியல. இவங்களுக்குத்தான் தமிழ் தெரியாதே. நான் எதையாச்சும் பேசிக்கிட்டு நிக்கறேன். நீங்க அந்தப் பேப்பர்ல இருக்கறதப் படிச்சிடுங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் விட்டுடுங்க. எங்கப்பா குடிகாரர்னு போட்டிருக்கும். அது பொய்யி. எங்கப்பா குடிக்கவே மாட்டாரு. அத மட்டும் சொல்லாதீங்க.”

சமையல்கார அம்மாவின் கை நின்றது. ஒன்பது முகங்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவள் சொன்னது நீளமாக இருந்ததால் அதே நீளத்துக்கு ஏதோ பெரிய துயரத்தை நான் சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தார்கள்.

நான் குனிந்து படிக்க ஆரம்பித்தேன். பவித்ரா பேசிக்கொண்டே இருந்தாள். அப்பாவுக்கு வெற்றிலைகூடப் பழக்கமில்லை, டீயில் மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டுக்கொள்வார், அதற்கு அம்மா திட்டுவார் என்று என்னென்னவோ சொன்னாள். என் கண் மூன்றாவது வரிக்குப் போனது. அந்த வார்த்தை அங்கே இருந்தது.

அதைத் தாண்டிப் போயிருக்கலாம். ஒரு வருடமாக இதை யோசித்துப் பார்க்கிறேன். அந்தக் கதை முழுவதும் அந்த ஒரு வார்த்தையின் மேல் கட்டியிருந்தார்கள். அப்பா குடிகாரர், அதனால் அடித்தார், அதனால் அம்மா போனார், குடியாலேயே அப்பாவும் செத்தார். அதை உருவினால் மிச்சம் நிற்காது. வேறு ஒன்றைச் சொந்தமாகச் சொல்ல வேண்டும். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது தடுமாறி நிற்க வெட்கப்பட்டேன். காரணம் இவ்வளவுதான், இதற்குமேல் பெரிதாக ஒன்றும் இல்லை. நான் வாசித்துவிட்டேன்.

பவித்ரா பாதி வாக்கியத்தில் நின்றாள்.

நான் கடைசி வரிவரை வாசித்து முடித்தேன். இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். கிரேம் நோட்டில் எழுதிக்கொண்டார். ஒரு பெண் எழுந்துபோய் பவித்ராவைக் கட்டிக்கொண்டாள். பவித்ராவின் கைகள் பின்னால் கட்டியபடியே இருந்தன.

விலகி வந்து என் பக்கத்தில் நின்று மெதுவாகச் சொன்னாள். “அந்த வார்த்தை எனக்குத் தெரியும் ஆன்ட்டி. எட்டாவதுலேர்ந்து கேக்கறேன்.”

வாய்க்கால் பக்கம் போய்விட்டாள். மாலை விழாவுக்கு அவள் வரவில்லை. வயிற்றுவலி என்று சொன்னார்கள்.

5

தஞ்சாவூருக்குத் திரும்பும் வேனில் நிலா கடைசி இருக்கையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“அவள் அதைச் சொல்ல வேண்டாம்னு உன்கிட்ட கேட்டாள்” என்றாள் ஆங்கிலத்தில், ஜன்னலைப் பார்த்தபடி.

“உனக்குப் புரிஞ்சுதா?”

இப்போது தமிழில் சொன்னாள். “எனக்கு பேச வராது. கேக்க வரும்.”

இத்தனை வருடமாக என் மகளுக்கு எளிய தமிழ் மட்டும்தான் புரியும் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். அவள் முன்னால் நானும் என் கணவரும் தமிழில் என்னென்ன பேசியிருப்போம் என்று நினைத்தபோது முகம் சுட்டது.

அவள் விடவில்லை. மறுபடியும் ஆங்கிலத்துக்கு மாறினாள். “உன் வேலையிலே தாத்தா பாட்டியெல்லாம் உன்கிட்ட ஏதாவது சொன்னா, அதையும் இப்படித்தான் மாத்தி டாக்டர்கிட்ட சொல்வியா?”

“இல்லடி.”

“அப்ப ஏன் பவித்ராவுக்கு மட்டும்?”

லாட்ஜில் இறங்கியதும் அவள் எனக்கு முன்னால் நடந்து அறைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை குழு எழுந்திருக்கும் முன்பே ஒரு ஆட்டோ பிடித்து இல்லத்துக்குப் போனேன். எஸ்தர் அக்கா அடுப்படியில் பிள்ளைகளுக்கு சேமியா கிண்டிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்தார்.

“அவ அப்பா எப்படி இறந்தாருக்கா?”

“கரண்ட் அடிச்சு. அறுப்பு மெஷின் ஓட்டிக்கிட்டு வரப்பு ஏறும்போது மேல போன கம்பியில பட்டுடுச்சு. நல்ல மனுசன். பவித்ராவுக்கு அப்ப பன்னெண்டு வயசு. அவ அம்மா திருப்பூருக்கு வேலைக்குப் போயி, அங்கயே இன்னொரு கல்யாணம் ஆயிடுச்சு. இவளை வச்சுக்க அங்க எடமில்ல.”

“அப்ப குடிகாரர்ங்கறது?”

அவர் முந்தானையால் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“முன்ன மொழிபெயர்த்தவரு ஒருதடவை அப்படிச் சேத்துச் சொல்லிட்டாரு. கேட்டவங்க எல்லாம் அழுதாங்க. அப்பறம் அவரே அந்த நோட்டீஸையும் எழுதிக் குடுத்தாரு. எனக்கு அவ்வளவா இங்கிலீஷ் வராதுன்னாலும் அந்த வார்த்தை தெரிஞ்சுதான் இருந்துச்சு. முப்பத்திரண்டு பிள்ளைங்களுக்கு வர்றவங்க மனசு எளகணும்னு விட்டுட்டேன். அவ ஒரு நாளும் என்கிட்ட ஒண்ணும் கேக்கல. கேக்கலன்னா வலிக்கலன்னு நெனச்சேன். தப்புத்தான் பண்ணிட்டேன்.”

அவர் அழுதார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. சேமியா அடிப்பிடித்துவிட்டது.

6

குழு வந்ததும் கிரேமைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். நான் சொன்ன பொய்யை, அதற்கு முன்னால் இருந்த பொய்யை, இரண்டையும். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“நான் அந்தக் கதையை எங்கள் ஊரில் இரண்டு முறை சொல்லியிருக்கிறேன்” என்றார். “பெயர் சொல்லவில்லை என்பதால் யாருக்கும் பாதிப்பில்லை என்று நினைத்தேன். ஊரே அந்த மனிதரைக் குடிகாரர் என்று நம்பிக்கொண்டிருக்கிறது. நான் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.”

வேப்பமரத்தடியில் பவித்ரா பாடப்புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். நிலா பக்கத்தில் இருந்தாள். நானும் கிரேமும் எஸ்தர் அக்காவும் போய் நின்றோம். பாஸ்டர் உன்னிடம் பேச விரும்புகிறார் என்று நான் சொன்னேன். பவித்ரா புத்தகத்திலிருந்து நிமிரவில்லை.

“பேசட்டும். ஆனா நீங்க சொல்ல வேணாம் ஆன்ட்டி. நிலா சொல்லட்டும்.”

நிலா பயந்துபோய் என்னைப் பார்த்தாள். நான் இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டேன்.

கிரேம் தரையில் உட்கார்ந்தார். கனமான உடம்பு, சம்மணம் போட வரவில்லை. காலை ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டு பேசினார். பெரிய வார்த்தைகளெல்லாம் தேடிவிட்டு, நிலாவின் முகத்தைப் பார்த்ததும் சின்ன வாக்கியங்களாக மாற்றினார். நிலா விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள்.

“அவர் சாரி. அவர் உங்க அப்பா பத்தி பொய் சொன்னார். நிறைய பேர்கிட்ட. அவருக்கு அது பொய் தெரியாது. இப்ப தெரியும். அவர் திரும்பிப் போயி, அதே பேர்கிட்ட, நான் பொய் சொன்னேன்னு சொல்வார். நீ சரி சொன்னா மட்டும்.”

நான் சொல்லியிருந்தால் இதில் அழகான சொற்கள் இருந்திருக்கும். இவ்வளவு நேராக இருந்திருக்காது.

பவித்ரா புத்தகத்தை மூடினாள். பிறகு நிலாவிடம் பேசினாள், ஒவ்வொரு வார்த்தையாக, நிலாவுக்குப் புரிய வேண்டும் என்று நிறுத்தி நிறுத்தி.

“பொய்யின்னு மட்டும் சொன்னா பத்தாது. எங்கப்பா பேரு ராஜேந்திரன். அவரு அறுப்பு மெஷின் ஓட்டுனாரு. தை மாசம் வந்தா சீர்காழி வரைக்கும் அவரைக் கூப்புடுவாங்க. சாஞ்சு கெடக்குற நெல்லக்கூட சிந்தாம அறுப்பாரு. அதச் சொல்லச் சொல்லு.”

நிலா கிரேமிடம் திரும்பினாள். பெயரைச் சொன்னாள். பிறகு நின்றாள். என்னைப் பார்த்தாள்.

“அம்மா, அறுப்புன்னா?”

சொன்னேன். அன்று முழுவதும் நான் மொழிபெயர்த்தது அந்த ஒரு சொல்லைத்தான்.

கிரேம் நோட்டை எடுத்து, முந்தின நாள் எழுதிய பக்கத்தைக் கிழித்தார். புதிய பக்கத்தில் நிலா சொல்லச் சொல்ல எழுதினார். ராஜேந்திரன் என்பதற்கு எழுத்துக்கூட்டி எழுதி, சரியா என்று பவித்ராவிடம் காட்டினார். அவள் பேனாவை வாங்கி ஒரு எழுத்தைத் திருத்தினாள்.

எஸ்தர் அக்கா அன்று மதியமே இல்லத்தில் இருந்த துண்டறிக்கைகள் அத்தனையையும் அடுப்பில் போட்டார். இனிமேல் எந்தக் குழு வந்தாலும் எந்தப் பிள்ளையும் எழுந்து நின்று கதை சொல்லவேண்டாம் என்று பிள்ளைகள் எல்லாரையும் உட்காரவைத்துச் சொன்னார். பவித்ராவின் தலையைத் தடவினார். அவள் தடவவிட்டாள்.

என்னிடம் அவள் அன்று பேசவில்லை. மறுநாள் காலை விடைபெற்றுக்கொண்டு நாங்கள் வேனில் ஏறும்போது என் கையில் ஒரு பாலித்தீன் பையைத் திணித்தாள். உள்ளே முறுக்கு. “நிலாவுக்கு” என்றாள். கொஞ்சம் நின்று, “நீங்களும் எடுத்துக்கோங்க” என்றாள்.

7

இதை எழுதி முடித்ததும் பவித்ராவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் திருத்தம் சொன்னாள். சரி என்ற பிறகுதான் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். அவள் இப்போது பெண்கள் கல்லூரி ஒன்றில் முதலாமாண்டு படிக்கிறாள். சேர்க்கைக்கு வேண்டிய சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் அண்ணன்தான் தாலுகா ஆபீஸுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு ஆறு முறை அலைந்தார். சர்ச் ஆளுங்களோடு வருகிறாயே என்று கோபித்துக்கொண்ட அதே அண்ணன். விடுமுறைக்கு அவள் எஸ்தர் அக்காவிடம்தான் போகிறாள். மாணவிகள் விடுதியில் கழிவறைதான் பிரச்சினை, மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது என்கிறாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் நிலாவும் அவளும் பேசிக்கொள்கிறார்கள். என் மகள் வினைச்சொல் போட ஆரம்பித்திருக்கிறாள்.

இந்த ஜனவரிக்கும் போகிறேன். பென்சிலில் இருந்த என் பெயரை நானே பேனாவால் எழுதினேன். நிலாவின் பெயரையும் கீழே எழுதி, பக்கத்தில் ‘மொழிபெயர்ப்பு’ என்று போட்டேன். அவள் அதைப் பார்த்துவிட்டு ‘உதவி’ என்று சேர்த்துக்கொண்டாள்.

ஆனால் சொல்ல வந்தது வேறு.

கிரேம் ஊர் திரும்பியதும் உடனே பேசிவிடவில்லை. பவித்ராவுக்குப் பதினெட்டு முடியட்டும், அதற்குப் பிறகும் அவள் சரி என்று சொல்லட்டும் என்று காத்திருந்தார். மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லாரும் எழுந்திருக்கும் நேரத்தில், கொஞ்சம் உட்காருங்கள் என்றார். நானும் நிலாவும் கடைசி பெஞ்சில் இருந்தோம்.

“இந்தியாவில் ஒரு பெண்ணின் தகப்பனார் குடிகாரர் என்று இங்கே இரண்டு முறை சொன்னேன். அது பொய். அவர் பெயர் ராஜேந்திரன். அறுவடை இயந்திரம் ஓட்டினார். சாய்ந்த பயிரைக்கூடச் சிந்தாமல் அறுப்பார் என்று பல ஊர்களிலிருந்தும் அவரைத் தேடி வருவார்கள். வேலை செய்துகொண்டிருக்கும்போது மின்சாரம் தாக்கி இறந்தார். இதைச் சொல்லச் சொன்னது அவருடைய மகள்.”

அவ்வளவுதான். நோட்டை மூடிவிட்டு உட்கார்ந்தார். யாரும் அழவில்லை. சிலர் முகத்தில் குழப்பம் இருந்தது. ஒருவர் இருமினார். இதற்கா அந்தப் பெண் அவ்வளவு எதிர்பார்த்தாள் என்று தோன்றியது.

வெளியே டீ குடிக்கும் இடத்தில் ராய் என்பவர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். எழுபது வயதைத் தாண்டிய விவசாயி. பார்லி பயிரிடுகிறவர். இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் பேசியது வானிலையைப் பற்றி மட்டும்தான். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“அந்த ராஜேந்திரன் ஓட்டியது சக்கரம் வைத்த இயந்திரமா, பெல்ட்டில் ஓடுவதா?”

“தெரியாது” என்றேன். “ஏன் கேட்கிறீர்கள்?”

“நானும் நாற்பது வருடம் ஓட்டியவன். சாய்ந்த பயிரைச் சிந்தாமல் அறுக்க எனக்கு இன்றுவரை வராது. ஈர நிலத்தில் எப்படிச் செய்தார் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.”

நான் அங்கேயே நின்றுகொண்டு பவித்ராவுக்குப் போன் செய்தேன். அங்கே இன்னும் விடியவில்லை. தூக்கக் குரலில் எடுத்தாள். இங்கே ஒரு விவசாயி உன் அப்பாவைப் பற்றி ஒரு கேள்வி கேட்கிறார் என்று சொல்லி, அவர் கேட்டதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

அந்தப் பக்கம் அவள் எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது.

“பெல்ட்டு ஆன்ட்டி” என்றாள். குரலில் தூக்கம் போயிருந்தது. “டயர் வண்டி சேத்துல மாட்டிக்கும். அப்பா பெல்ட்டு வண்டிதான் ஓட்டுவாரு. சாஞ்ச பயிருன்னா எந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னு மொதல்ல எறங்கி நடந்து பாப்பாரு. அப்பறம் எதுத்தாப்புலேர்ந்து வண்டிய விடுவாரு, மெதுவா. முன்னாடி கதிர வாரித் தூக்குற சீப்பை எவ்வளவு எறக்கணும்னு கையால காட்டுவாரு. என்னையும் ஒருநாள் பக்கத்துல உக்கார வச்சு… இருங்க ஆன்ட்டி, அவர் போயிடப்போறாரு. மொதல்ல இதச் சொல்லுங்க, மீதிய நான் அப்பறம் சொல்றேன்.”

ராய் போகவில்லை. பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, எழுதிக்கொள்ள ஒரு காகிதம் தேடிக்கொண்டிருந்தார்.